பதினேழாம் எண், ஏழாம் நாள்

ஜூலை 7, திங்கள்

கேஸ் ஷீட்டில் எழுத முடியாததை எழுத ஒரு நோட்டு வேண்டும் என்று போன மாதமே வாங்கி வைத்தேன். அட்டையில் மயில் படம். வாய் அறுவைச் சிகிச்சையில் முதுகலை மூன்றாம் ஆண்டு படிக்கிற இருபத்தெட்டு வயது டாக்டர் செண்பகவல்லி மயில் நோட்டில் எழுதுவதைப் பார்த்தால் வேதமாணிக்கம் சார் சிரிப்பார். சிரிக்கட்டும். அவர்தான் என் கைடு. நவம்பர் முப்பதுக்குள் என் தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவர்.

தீசிஸ் இதுதான். கீழ்த்தாடையின் இரண்டு பக்கமும் ஞானப்பல் எலும்புக்குள் படுத்துக் கிடக்கிற முப்பது பேரைப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்துப் பல்லை எடுத்துவிட்டுப் பட்டு நூலால் தையல். ஐந்து வாரம் கழித்து மறுபக்கத்தை எடுத்துவிட்டுக் கரையும் நூலால் தையல். எந்த நூல் முதலில் என்பதற்குச் சீட்டுக் குலுக்கல். இரண்டு தடவையும் ஏழாம் நாள் வரச் சொல்லி மூன்று காரியம் பார்க்க வேண்டும். வலி, பத்துக்கு எத்தனை. வீக்கம், காதிலிருந்து வாயோரம் வரை டேப்பால், முன்பிருந்ததைவிட எத்தனை மில்லிமீட்டர் கூடுதல் என்று. வாய்த் திறப்பு, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில். ஒரே ஆள், ஒரே வாய், தைக்கிற கையும் ஒன்றே. "இதுல சொதப்புறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா" என்றார் சார்.

பட்டு நூல் கறுப்பாக இருக்கும். முடிச்சு நன்றாக நிற்கும். ஆனால் எச்சிலை உறிஞ்சும், சோற்றுப் பருக்கை ஒட்டும், ஏழாம் நாள் நாமே வெட்டி எடுக்க வேண்டும். கரையும் நூலுக்கு அந்தத் தொல்லை இல்லை, தானாகக் கரைந்துவிடும். துறையில் இப்போது அதற்குப் புது மருமகளின் மரியாதை.

இன்றோடு பதினாறு பேர் சேர்ந்தாயிற்று. மாலையில் துணி துவைத்தேன். ஹாஸ்டல் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை.

ஜூலை 10, வியாழன்

பதினேழாம் எண். சுடலைமுத்து, வயது 34. நான்கு வழிச் சாலையிலிருந்து நம் கல்லூரி வாசல் வழியாக மேலக்குளம் போகிற மினி பஸ்ஸில் கண்டக்டர். இடப் பக்கம், சீட்டில் வந்தது பட்டு நூல். நாற்பது நிமிடம். தையல் மூன்று.

மரத்துப்போன வாயோடு, "விசில் ஊதலாமா டாக்டரம்மா?" என்று கேட்டார். ஒரு வாரம் கூடாது என்றேன். "அப்பம் டிரைவர முதுகுல தட்டித்தான் வண்டிய நிறுத்தணும்" என்றார். ஹவுஸ் சர்ஜன்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 17, வியாழன்

சுடலைமுத்து இரண்டு டிரிப்புக்கு நடுவில் யூனிபார்முடன் ஓடி வந்தார். வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. பருக்கை ஒட்டியிருந்தது, ஈறு சிவந்திருந்தது. நூலை எடுத்தேன். வலி 2, வாய்த் திறப்பு 34. எட்டே நிமிடம்.

பட்டு நூல் போட்டவர்கள் ஒருவர் விடாமல் ஏழாம் நாள் வந்துவிடுகிறார்கள். வாய்க்குள் நூல் குத்திக்கொண்டே இருந்தால் வராமல் எங்கே போவார்கள்.

ஜூலை 24, வியாழன்

கரையும் நூலுக்கு ஏழாம் நாள் இன்று இரண்டு பேர். ஒருவர்கூட வரவில்லை. மதியம் எலுமிச்சை சாதம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

முப்பதாவது ஆளுக்கும் முதல் பக்கம் முடிந்தது. சாருக்கு மகிழ்ச்சி. எனக்கு இல்லை.

கரையும் நூல்காரர்கள் இன்று மூன்று பேர் வந்திருக்க வேண்டும். பதினொரு மணி வரை வாசலைப் பார்த்தேன். ஜவுளிக்கடையில் வேலை செய்கிற பெண்ணுக்குப் போன் போட்டால், "அதான் தானாக் கரைஞ்சிருமே, எதுக்கு வரணும்? ஆடித் தள்ளுபடி டாக்டர், லீவு கேட்டா வேலைக்கே வராதன்னு சொல்லிருவாங்க" என்கிறாள். கரையும் என்று நாமே சொல்லி அனுப்புகிறோம். பிறகு வா என்றால் எந்தப் புத்திசாலி வருவாள்?

வலி இல்லை என்றாள். வலி 0 என்று எழுதினேன். மற்ற இரண்டு கட்டமும் காலி. போனில் டேப் வைக்க முடியாது. வந்தவர்களுடைய கணக்கைப் பார்த்துச் சராசரியைப் போட்டேன். ஒரு தாளில் காலிக் கட்டம் இருந்தால் மொத்தத் தாளும் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. நல்லபடியாக இருக்கிற ஆளுக்கு நல்லபடியான எண். யாருக்கும் நஷ்டமில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

சுடலைமுத்துவின் வலப் பக்கம். கரையும் நூல். பல் இரண்டு துண்டாக வந்தது. வேர் நுனி கொஞ்சம் முரண்டு பிடித்தது, கடைசியில் வந்துவிட்டது. ஐம்பத்தைந்து நிமிடம். நாளை சுதந்திர தினம், கொடியேற்றத்துக்கு எல்லாரும் வெள்ளைச் சேலை உடுத்த வேண்டுமாம். என்னிடம் இருப்பது ஒன்று, அதிலும் மஞ்சள் கறை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பதினேழாம் எண் வரவில்லை. போன் போட்டேன். பஸ் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. வாய் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதாம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன். வலி 1, வீக்கம் 3, வாய்த் திறப்பு 36.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வெள்ளைச் சேலையின் மஞ்சள் கறை போகவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

முப்பது பேர், அறுபது காயங்கள், அறுபது தாள்கள். ஒரு கட்டம் காலி இல்லை. சார் தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பார்த்தார். கரையும் நூல் பக்கம் வலி குறைவு, வீக்கம் குறைவு, வாய் அதிகம் திறக்கிறது. சீழ் ஒருவருக்கும் இல்லை.

"பளிச்சுனு இருக்கும்மா. டிசம்பர் மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பிடலாம். நம்ம ஓ.பி.யிலயும் இனிமே இதையே போட்டுறலாம்" என்றார். இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிற மனிதர். அவர் ஒரு மாணவியைப் பாராட்டி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. மனசு குளிர்ந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

ஓ.பி.யில் புதுச் சீட்டு அச்சடித்து வந்துவிட்டது. "தானாகக் கரையும் தையல் போடப்பட்டுள்ளது. தையல் பிரிக்க மீண்டும் வரத் தேவையில்லை." கீழே பல் ஒன்று கைகூப்பி நிற்கிற படம். காலையிலேயே ஒன்பது பேருக்குக் கொடுத்தார்கள்.

ஏழாம் நாள் பார்ப்பதும் வேண்டாமா என்று சாரிடம் கேட்டேன். "உன் தீசிஸே வேண்டாம்னு சொல்லுதே! கூட்டத்தக் குறைக்க நீயே வழி காட்டிட்ட" என்றார்.

மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை. கத்தரிக்காய்க் கூட்டு, எப்போதுமே பிடிக்காது.

அக்டோபர் 3, வெள்ளி

பானு மேடம் கூப்பிட்டார். சமூகப் பல் மருத்துவத் துறையில் எல்லாருடைய தீசிஸுக்கும் புள்ளியியல் போட்டுக் கொடுக்கிறவர். அதிகம் பேசமாட்டார். கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"பட்டு நூல் பக்கம் பாருங்க. முப்பது பேரும் முப்பது விதமா வீங்கியிருக்காங்க. அதுதான் நியாயம். கரையும் நூல் பக்கம் பத்தொன்பது பேரும் அப்படித்தான். மீதிப் பதினோரு பேருக்கு மட்டும் வாய்த் திறப்பு முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தாறு, முப்பத்தேழு. வீக்கம் எல்லாருக்கும் மூணு."

தற்செயல் என்றேன்.

"மனுஷ மூஞ்சி இவ்வளவு ஒழுக்கமா வீங்காது, செண்பகவல்லி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஒன்று எடுத்துக்கொண்டேன். பதினொன்று என்பது எனக்கே அப்போதுதான் தெரியும், எண்ணிப் பார்த்ததில்லை.

அக்டோபர் 6, திங்கள்

தீசிஸ் மாதிரிப் பிரதி எடுக்க டவுனுக்குப் போகவேண்டியிருந்தது. வாசலில் மினி பஸ் ஏறினேன். விசில் ஊதியது வேறு ஆள், மீசை அரும்பாத கண்டக்டர். சுடலைமுத்து அண்ணாச்சி லீவா என்று கேட்டேன்.

"அவரு எங்க வாராரு? பல்லு புடுங்குனாருல்லா, அதுல சீழு வச்சு கழுத்துக்கு எறங்கிட்டு. பெரிய ஆஸ்பத்திரியில கழுத்த ரெண்டு எடத்துல கீறி டியூப்பு போட்டுல்லா எடுத்தாவ. பத்தொம்போது நாளு கெடந்தாரு. பொழச்சதே பெருசு."

எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு தன் வலக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினான்.

பிரதி எடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அட்டை நீலமா பச்சையா என்று கடைக்காரர் கேட்டார். நீலம்.

அக்டோபர் 7, செவ்வாய்

துணி துவைத்தேன். நேற்றுத் துவைத்ததையும் துவைத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஆகஸ்ட் 21-இல் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. மீதியை எழுதுகிறேன்.

அன்று பதினொன்றரைக்கே அவருடைய தாளில் எண்களைப் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் போன் செய்தேன். எண் எழுதிய ஆளை ஒரு வார்த்தை விசாரித்துவிட்டால் மனசுக்குச் சமாதானம், அவ்வளவுதான். எடுத்தவர், "வாய் சரியாத் தொறக்க மாட்டேங்கு டாக்டரம்மா, இட்லியப் பிச்சுப் பிச்சு உள்ள தள்ளுதேன்" என்றார். பஸ் இரைச்சல் இருந்தது, ஆனால் இது நன்றாகக் கேட்டது. "வரட்டா? பன்னெண்டே காலுக்கு வண்டி காலேஜ் வாசலுக்கு வரும்" என்றார்.

வேண்டாம் என்றேன். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்றேன்.

என் எதிரில் தாளில் 36 இருந்தது. இட்லியைப் பிய்த்துத் தள்ளுகிற வாய் 36 திறக்காது, இருபது திறந்தால் அதிசயம். ஏழாம் நாள் வாய் இறுகினால் உள்ளே சீழ் பிடிக்கிறது என்று இரண்டாம் ஆண்டுப் பையனுக்கே தெரியும். எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் வந்தால் 36-ஐ அடித்துவிட்டு எழுத வேண்டியிருக்கும். அடித்தல் திருத்தல் இல்லாத தாள்கள் என்று எனக்கு ஒரு பெருமை.

நூல் மீது குற்றமே இல்லை. எந்த நூல் போட்டிருந்தாலும் அந்தச் சீழ் வந்திருக்கும். பட்டு நூலாக இருந்திருந்தால் எடுப்பதற்காவது வந்திருப்பார், நான் பார்த்திருப்பேன். மாத்திரையிலேயே முடிந்திருக்கும், மிஞ்சினால் வாய்க்குள்ளேயே ஒரு சிறு கீறல்.

வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 11, சனி

மேலக்குளம் போனேன். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு. சுடலைமுத்து நாற்காலியில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வலப் பக்கம் இரண்டு தழும்புகள், இன்னும் சிவப்பு ஆறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டே பேசுகிறார். கஞ்சியை ஸ்ட்ராவில் குடிக்கிறார். விசில் ஊதக் காற்று குவியவில்லையாம்.

மனைவி பெயர் முப்பிடாதி. பால் சொசைட்டியில் வேலை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதான போன் போட்டு விசாரிச்சிய? வீட்டுக்கு வந்ததும் சொன்னாவ. எந்த டாக்டரு போன் போட்டுக் கேக்கா? நாங்கதான் கூறு இல்லாம மூணு நாளு சும்மா இருந்துட்டோம். அதுக்குள்ள கழுத்து வீங்கிட்டு, எச்சி முழுங்க முடியல."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மோர் கொடுத்தார். குடித்தேன். கிளம்பும்போது வாய்த் திறக்கும் பயிற்சிக்குத் துறைக்கு வரச் சொன்னேன். வாசல் வரை வந்து, "நீங்க நல்லா இருக்கணும்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பி வந்தேன், உட்கார இடம் இருந்தும்.

அக்டோபர் 13, திங்கள்

மீதிப் பத்துப் பேருக்கும் போன். இந்தத் தடவை, "கட்டாயம் வாங்க, நான் பார்க்கணும்" என்றேன். அந்த ஜவுளிக்கடைப் பெண், "இப்பமா? தீபாவளி நேரத்துலயா?" என்று கத்தினாள். கடைக்கே நான் வருகிறேன் என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

பத்தில் எட்டுப் பேரைப் பார்த்தாயிற்று. ஜவுளிக்கடைப் பெண்ணைப் பாவாடை அடுக்கிய ரேக்குக்குப் பின்னால் நிற்க வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறு பேருக்குக் காயம் நன்றாக ஆறியிருக்கிறது. ஒருவருக்கு ஐந்தாம் நாளே தையல் விட்டுப் பள்ளத்தில் எலும்பு தெரிந்திருக்கிறது, வேறு டாக்டரிடம் மருந்து வைத்துக்கொண்டார். இன்னொருவருக்குப் பன்னிரண்டு நாள் வலி. போனில் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க 'வலி இல்லியே?'ன்னுதான கேட்டிய" என்றார்.

இரண்டு பேர் போனை எடுக்கவில்லை.

இந்த எட்டையும் தாளில் ஏற்ற முடியாது. ஏழாம் நாள் போனது போனதுதான்.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளி முடிந்து துறை திறந்தது. சார் அதிரசம் கொண்டுவந்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நிமிடம் ஆயிற்று. கேட்டு முடித்ததும் சார் சொன்னார்:

"பதினொண்ணையும் எடுத்துரு. பத்தொன்பது பேரு போதும். 'ஏழாம் நாள் வரத் தவறியவர்கள் ஆய்விலிருந்து நீக்கப்பட்டனர்'னு ஒரு வரி. உலகம் பூரா அப்படித்தான் எழுதுறாங்க. பொய்யும் இல்ல, உனக்குக் கெடுதலும் இல்ல."

"பதினேழாம் எண் சார்?"

"அவரும் வரத் தவறினவர்தான."

"வரட்டான்னு கேட்டார் சார். நான்தான் வேண்டாம்னேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "இத வேற யார்ட்டயும் சொல்லியிருக்கியா?"

"இல்ல சார்."

"அப்ப சொல்லாத."

கெட்ட மனிதர் இல்லை. என் மீது உள்ள அக்கறையில்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அக்டோபர் 24, வெள்ளி

பத்தொன்பது பேரை வைத்துப் போட்டுப் பார்த்தேன். அழகாக வருகிறது. கரையும் நூல்தான் சிறந்தது. சீழ் 0.

அக்டோபர் 27, திங்கள்

மூன்று நாளாக அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் 36 என்று எழுதியபோது பதினேழாம் எண் தாளிலாவது இருந்தார், நலமாக இருப்பதாகப் பொய்யாவது சொல்லிக்கொண்டு. சார் சொல்கிறபடி செய்தால் அப்படி ஒருவர் இந்தக் கல்லூரிக்குப் பல் எடுக்க வந்ததே இல்லை.

இன்று காலை ஓ.பி.யில் கைகூப்புகிற பல் படச் சீட்டை வாங்கி ஒரு கிழவர் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பத்திரமாக, பிரசாதம் மாதிரி. திரும்ப வரவேண்டாம் என்று அதில் எழுதியிருப்பது என் முப்பத்தாறுகளை நம்பித்தான்.

கல்லூரியின் ஆய்வு நெறிக்குழுவுக்கு நடந்ததையெல்லாம் சொல்லிக் கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். முதல் பிரதியில் இரண்டு இடத்தில் அடித்தல். அப்படியே கொடுத்துவிட்டேன். இதனால் நவம்பர் முப்பது போய்விடும் என்று தெரியும். பயமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

நெறிக்குழு கூடியது. ஐந்து பேர், வட்ட மேசை. பானு மேடம் ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எடுத்தார். ஒரு பெரியவர், "ஏம்மா, படிக்கிற பிள்ளதான நீ?" என்றார். திட்டினால் பதில் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். அவர் திட்டவில்லை.

தீர்ப்பு: இந்தத் தவணையில் தீசிஸ் ஏற்கப்படாது. ஆறு மாதம் தள்ளிவைப்பு. பதினொரு புதியவர்களைச் சேர்த்து அளவுகளை வேறொருவர் எடுக்க வேண்டும். பழைய பதினொன்றும் நடந்தது நடந்தபடி தீசிஸில் இருக்க வேண்டும். மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற வேண்டும். எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான்.

சார் என்னோடு பேசவில்லை. ஆனால் மதியம் ஓ.பி.க்குப் போய், மேசை மேல் இருந்த பல் படச் சீட்டுகளை அவரே எடுத்து நான்காகக் கிழித்துப் போட்டார். ஏற்கெனவே வாங்கிப் போனவர்களையெல்லாம் போன் போட்டு வரச்சொல்லும்படி ஹவுஸ் சர்ஜன்களிடம் கத்தினார்.

நவம்பர் 5, புதன்

பரீட்சை ஆறு மாதம் தள்ளிப்போயிற்று என்று அப்பாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சிக்னல் சரியில்லை என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

சுடலைமுத்துவும் முப்பிடாதியும் பயிற்சிக்கு வந்தார்கள். பையில் முருங்கைக்காய், எனக்கு. நாற்காலியில் அவரை உட்கார வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். நின்றுகொண்டு, ஒரே மூச்சில். அன்று அவர் வரட்டுமா என்று கேட்டது, நான் வேண்டாம் என்றது, பார்க்காமலேயே 36 என்று எழுதியிருந்தது, எல்லாம்.

சுடலைமுத்து தரையைப் பார்த்தார். முப்பிடாதிக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

"அன்னைக்கி வந்திருந்தா?" என்று கேட்டார்.

"சரி பண்ணியிருக்கலாம் அக்கா. கழுத்துல கத்தி பட வேண்டியிருந்திருக்காது."

"இவுக வாரம்னுதான சொல்லிருக்காவ."

"ஆமா."

பக்கத்து நாற்காலியில் யாருக்கோ பல் சுத்தம் செய்கிற இரைச்சல். முப்பிடாதி கத்துவார் என்று நினைத்தேன், அழுவார் என்றும் நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை.

"நான் சொசைட்டியில பால் டெஸ்ட்டு பண்ணுதவ" என்றார். குரல் ஏறவே இல்லை. "காலையில நூத்திநாப்பது கேன் வரும். தெரிஞ்சவன், சொந்தக்காரன், கூடப் பொறந்தவன், யாரு பாலுன்னாலும் மீட்டர முக்கிப் பாக்காம ஒரு நம்பர் எழுத மாட்டேன். எட்டாங்கிளாஸ்தான் படிச்சிருக்கேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தத் தாளு இருக்கா?"

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து வரி வரியாகத் தேடி, 36-இல் நிறுத்தினார்.

"இப்பம் அளங்க."

"அக்கா, அந்தத் தேதிக்கு இப்ப..."

"இன்னைக்கித் தேதியப் போட்டு எழுதுங்க. நா பாக்கணும்."

சுடலைமுத்து தானாகவே நாற்காலியில் சாய்ந்தார். முடிந்த மட்டும் வாயைத் திறந்தார், கண்ணோரம் நீர் வந்துவிட்டது. ஸ்கேலை வைத்தேன். சரிபார்க்க இன்னொரு தடவை வைத்தேன். முப்பிடாதி என் தோளுக்கு மேலாகக் குனிந்து கோடுகளை எண்ணினார்.

"பத்தொம்போது" என்றார்.

36-ஐ அடித்தேன். பக்கத்தில் 19 என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர் தாளை வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கணவரின் வாயோரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். முருங்கைக்காய்ப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அடுத்த திங்கள் வரச் சொன்னேன். முப்பிடாதி கணவரின் கையைப் பிடித்து எழுப்பினார். வாசலில் மினி பஸ் நின்றிருந்தது, கணவரை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார்.